மேற்குச் சென்னைப் புறநகர்த் தொழிலாளர் குடியிருப்புகள்: போக்குவரத்து அணுகலும் ஒதுக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியாக 1856இல் சென்றது. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பழைய படைவழி பூவிருந்தவல்லியைத் தொட்டுச் செல்கிறது. ஆயினும் இம்மூன்று ஊர்களைச் சுற்றியுள்ள தொழிலாளர் தெருக்கள் இன்றும் ஒதுங்கிய பகுதிகளாகவே அறியப்படுகின்றன. பெருவழிக்கு அருகில் இருந்தும் ஒதுங்கி நிற்கும் இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. வழி கடந்து செல்வதும் ஊர்தி நின்று செல்வதும் வெவ்வேறானவை என்பதும், இப்பகுதிகளின் ஒதுக்கம் இயற்கையாக அமைந்ததன்று, அடுத்தடுத்த முடிவுகளால் உருவாக்கப்பட்டது என்பதும் இதன் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: புறநகர் வரலாறு, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, தொழிற்பேட்டை, புறநகர் இருப்புப்பாதை, ஒதுக்கம், மெட்ரோ.

முன்னுரை

நகர வரலாற்றில் போக்குவரத்து பெரும்பாலும் வளர்ச்சியின் கதையாகவே எழுதப்படுகிறது. பாதை வந்தது, ஊர் வளர்ந்தது என்பது அதன் பொது வாய்பாடு. சென்னையின் மேற்குப் புறநகர் இவ்வாய்பாட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் 4,66,205 பேரும் ஆவடியில் 3,45,996 பேரும் பூவிருந்தவல்லியில் 57,224 பேரும் வாழ்ந்தனர். மக்கள்தொகையில் நடுத்தர நகரங்களுக்கு இணையான இவ்விடங்களில், நெடுஞ்சாலையிலிருந்து சில தெருக்கள் உள்ளே சென்றால் பேருந்து ஒலி கேட்காத குடியிருப்புகள் தொடங்கிவிடுகின்றன. ஓரறை, ஈரறை வீடுகளும் வாடகைக் குடித்தனங்களும் நிறைந்த இத்தெருக்களின் அமைதி, அங்கு வாழ்வோருக்கு நன்மையாகவும் சுமையாகவும் உள்ளது.

தமிழில் ‘ஒதுங்கு’ என்பது தன்வினை. ‘ஒதுக்கு’ என்பது பிறவினை. விரும்பி விலகி வாழ்தல் முன்னதன் பொருள். பிறரால் விலக்கி வைக்கப்படுதல் பின்னதிலிருந்து பெறப்படுவது. வீட்டு வாரியங்கள் மனையும் வீடும் வழங்குவதைக் குறிக்கும் ‘ஒதுக்கீடு’ என்ற சொல்லும் இவ்வேரிலிருந்தே வருகிறது. மேற்குப் புறநகரின் வரலாற்றில் இம்மூன்று பொருள்களும் அடுத்தடுத்துச் செயற்படுவதைக் காணலாம்.

1. இருப்புப்பாதைக்கு முற்பட்ட வழிகள்

இப்பகுதி புதிதாகக் குடியேறிய நிலமன்று. பாடி என வழங்கும் திருவலிதாயம் சம்பந்தராலும், வடதிருமுல்லைவாயில் சுந்தரராலும் பாடப்பெற்ற தலங்கள். திருமழிசை, திருமழிசையாழ்வாரின் ஊர். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சிநம்பி அங்கிருந்து மலர்கொண்டு காஞ்சிபுரம் சென்று வரதராசருக்குத் தொண்டு செய்தார் என்பது வைணவ மரபு. கடற்கரைக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட வழியில் பூவிருந்தவல்லி கொண்டிருந்த இடத்தை இம்மரபு உணர்த்துகிறது. கோயிலும் ஏரியும் வயலும் கொண்ட இச்சிற்றூர்கள் ஒன்றையொன்று நடைவழியாலும் வண்டிப்பாதையாலும் அணுகின. அவற்றின் தொலைவு நடையால் அளக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பூவிருந்தவல்லி படைமுகாம் ஆயிற்று. பரங்கிமலை முகாமையும் இம்முகாமையும் இணைத்த சாலை இன்றும் மவுண்ட்–பூந்தமல்லி சாலை என்றே வழங்குகிறது. சாலையின் இரு முனைகளிலும் படைவீடு இருந்தது என்பதே அதன் தோற்றக் காரணத்தைக் காட்டும். நகரிலிருந்து விரைவில் அடையத்தக்கதாகவும், நகர மக்களின் புழக்கத்திலிருந்து விலகியதாகவும் இருக்கும் இடமே முகாமுக்கு ஏற்றது. அணுகலையும் ஒதுக்கத்தையும் ஒருங்கே வேண்டிய அரசின் இத்தேவை, பிற்காலத்தில் மேற்குப் புறநகர் முழுவதற்கும் விரிந்தது.

2. முதல் பாதையும் பிந்திய சேவையும்

1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை சென்னை இரயில்வே நிறுவனத்தின் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை இதுவே. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் ஆகிய ஊர்களின் நிலத்தின் வழியே அது சென்றது. ஆனால் அப்பாதை நோக்கியது அவ்வூர்களை அன்று. உள்நாட்டுப் பருத்தியையும் தானியத்தையும் படையையும் துறைமுகத்தோடு இணைப்பதும், மேற்குக் கடற்கரை, பெங்களூர், பம்பாய் ஆகியவற்றை எட்டுவதும் அதன் நோக்கங்களாக இருந்தன. இடைப்பட்ட சிற்றூர்கள் அதற்குக் கடந்து செல்லும் நிலமாயின.

இதன் விளைவைத் தெற்குப் பாதையோடு ஒப்பிட்டு உணரலாம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான மீட்டர் அளவுப் பாதை 1931இலேயே மின்மயமானது. அலுவலகப் பணியாளர்களும் வழக்கறிஞர்களும் குடியேறிய மாம்பலம் முதலிய பகுதிகளுக்கு அடிக்கடி நின்று செல்லும் வண்டிகள் அன்றே கிடைத்தன. மேற்குப் பாதையில் சென்னை–திருவள்ளூர் இடையே மின்சாரத் தொடர்வண்டிக்கான வசதி 1979இல்தான் வந்தது. இரண்டிற்கும் இடையே 48 ஆண்டுகள். பழைமையில் முந்திய பாதை, புறநகர்ச் சேவையில் பிந்தியது.

அந்த இடைக்காலத்தில் மேற்கே தொழிலாளர் இல்லாமல் இல்லை. நீராவி எஞ்சினும் பின்னர் டீசல் எஞ்சினும் இழுத்த பயணிகள் வண்டிகளை அவர்கள் நம்பியிருந்தனர். நெடுந்தொலைவு விரைவு வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் வழிவிட்டு நிற்பது இவ்வண்டிகளின் இயல்பு. ஆகவே தண்டவாளத்தை ஒட்டி வாழ்ந்தும் நேரத்துக்குப் பணிக்குச் செல்ல இயலாத நிலை, இப்பகுதியின் தொழிலாளர் வாழ்வில் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. பாதை இருத்தலை மட்டும் அணுகலின் அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வு இந்நிலையைக் காணத் தவறும்.

3. தொழிற்சாலைகளின் வருகை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடி பெரிய படைத்தளவாட மையமாக்கப்பட்டது. 1955 ஜனவரியில் சமதர்மப் பாங்கான சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்த காங்கிரசு மாநாடு ஆவடியில் நடைபெற்றது. பெருங்கூட்டம் கூடத்தக்க திறந்த வெளியும் இருப்புப்பாதை இணைப்பும் ஒருங்கே அமைந்த இடம் அது. அம்மாநாடு பேசிய தொழில்மயமாக்கம் அதே நிலத்தில் விரைவிலேயே உருப்பெற்றது. கனரக ஊர்தித் தொழிற்சாலையும் படையுடைத் தொழிற்சாலையும் 1961இல் ஆவடியில் நிறுவப்பட்டன. விசயந்தா கவச ஊர்திகள் 1965 முதல் அங்கு உருவாயின.

அம்பத்தூர்ப் பக்கத்தில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. 1950களின் இறுதியில் டன்லப் சக்கரத் தொழிற்சாலை வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தைச் சார்ந்த உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் 1960களில் எழுந்தன. 1964இல் ஏறத்தாழ 1,300 ஏக்கர் பரப்பில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. சில நூறு பேர் பணிபுரியும் ஆலை முதல் நான்கைந்து கடைசல் எந்திரங்கள் கொண்ட பட்டறை வரை அங்கு இயங்கின.

வடசென்னைத் தொழிலாளர் பகுதிகளோடு இதனை ஒப்பிடுவது தேவை. பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதிகளில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் ஆலைச் சங்கொலி கேட்கும் தொலைவிலேயே வாழ்ந்தனர். 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் வலிமைக்கும் அதன்பின் எழுந்த கலவரத்தின் கொடுமைக்கும் அந்நெருக்கமும் ஒரு காரணம். பம்பாயின் கிரண்காவ் பகுதியும் அத்தகையதே. மேற்குப் புறநகரில் ஆலையும் வீடும் அவ்வாறு ஒன்றியிருக்கவில்லை. நிலையான பணியாளர்க்கு நிறுவனக் குடியிருப்புகளும் நிறுவனப் பேருந்துகளும் கிடைத்தன. சிறு பட்டறைத் தொழிலாளரும் ஒப்பந்தப் பணியாளரும் தம் வருவாய்க்கு ஏற்ற வீட்டைத் தாமே தேடினர். கள்ளிக்குப்பம், ஒரகடம், புதூர், அண்ணனூர், திருமுல்லைவாயில் போன்ற ஊர்களின் வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறியபோது அவர்கள் அங்கு குடியேறினர். சாலைக்கு அருகில் மனைவிலை மிகுதி. உள்ளே செல்லச் செல்லக் குறைவு. வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட தொலைவை அவர்களது கூலியே முடிவு செய்தது. அத்தொலைவைக் கடக்க உதவியது மிதிவண்டி. அதை உருவாக்கிய தொழிற்சாலையும் அம்பத்தூரிலேயே இருந்தது.

பேருந்து நிறுத்தப் பெயர்கள் இவ்வரலாற்றின் ஆவணங்களாகும். அம்பத்தூருக்கு ‘எஸ்டேட்’ என்றும் ‘ஓ.டி.’ என்றும் இரு பேருந்து நிலையங்கள் உள்ளன. முன்னது தொழிலுக்கும் பின்னது ஊருக்கும் உரியது. ‘டி.ஐ. சைக்கிள்ஸ்’, ‘டன்லப்’, ‘ஆவடி செக்போஸ்ட்’ ஆகியவை நிறுத்தங்களின் பெயர்களாக வழங்குகின்றன. ஆவடிக்கு அப்பால் கிளைப்பாதையில் பொதுமக்கள் ஏறி இறங்கும் புறநகர் நிலையத்தின் பெயர் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’. குடியிருப்புகளின் பெயர்களைவிட ஆலை, காவல், படை ஆகியவற்றின் பெயர்களே போக்குவரத்து வரைபடத்தில் மிகுதியாக இடம்பெற்றுள்ளன. ஊர்தி யாரை எண்ணி நிறுத்தப்பட்டது என்பதை இப்பெயர்கள் சுட்டுகின்றன.

4. மதில், ஏரி, தண்டவாளம்

ஒதுக்கம் தொலைவால் மட்டும் விளைவதன்று. இடையில் நிற்பவை அதனை உருவாக்குகின்றன. மேற்குப் புறநகரில் இத்தகைய தடைகள் மூன்று.

முதலாவது மதில். ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை, 1976இல் தொடங்கிய போர் ஊர்தி ஆய்வு நிறுவனம், விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் காவல்படை வளாகம் ஆகியவை பரந்த நிலத்தைச் சூழ்ந்துள்ளன. பாதுகாப்புத் தேவை கருதி எழுந்த இச்சுவர்கள் பழைய ஊர்களுக்கு இடையிலான நேர்வழியைச் சுற்றுவழியாக்கின. வளாகத்தின் உட்புறக் குடியிருப்பில் அகன்ற சாலையும் மரநிழலும் பள்ளியும் அமைந்தன. வெளிப்புறத் தெருக்களுக்கு மதிலின் மறுபக்கமே காட்சி. இரண்டும் அமைதியான பகுதிகளே. ஆனால் ஒன்றின் அமைதி திட்டமிடப்பட்டது, மற்றொன்றின் அமைதி வழியடைபட்டதால் வந்தது.

இரண்டாவது ஏரி. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் பாசனக் காலத்தில் ஊர்களை இணைத்தன. கரை நடைவழியாகவும் பயன்பட்டது. வயல் மறைந்தபின் அவை சுற்றிச் செல்ல வேண்டிய பரப்புகளாயின. ஏரியின் தாழ்பகுதியில் மனை மலிவு. ஆதலால் தொழிலாளர் குடும்பங்கள் அங்கு மிகுதியாகக் குடியேறின. மழைக்காலத்தில் நீர் தன் பழைய வழியைத் தேடும்போது முதலில் துண்டிக்கப்படுவது அவர்களது தெருவே. 2015 டிசம்பர் வெள்ளம் இதனை நகரம் முழுவதற்கும் உணர்த்தியது.

மூன்றாவது தண்டவாளம். வண்டிகளின் எண்ணிக்கை கூடும்தோறும் கடவுப்பாதைகள் மூடியிருக்கும் நேரமும் கூடுகிறது. அவற்றுக்கு மாற்றாக மேம்பாலம் எழும்போது ஊர்திகளுக்குத் தடை நீங்குகிறது. நடந்து செல்வோருக்குத் தொலைவு நீள்கிறது. முதியோரும் சுமை தூக்குவோரும் தண்டவாளத்தையே குறுக்காகக் கடக்கத் துணிகின்றனர். இணைப்பதற்காக இடப்பட்ட பாதை, தன் இருபுறத்தையும் பிரிக்கும் எல்லையாகவும் ஆகிவிடுகிறது.

இதே முரண் அண்மைக்காலச் சாலைகளிலும் தொடர்கிறது. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் செல்லும் 32 கி.மீ. புறவழிச்சாலையும், வண்டலூரிலிருந்து பூவிருந்தவல்லி, பட்டாபிராம் பகுதிகளின் வழியாக மீஞ்சூர் செல்லும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலையும் நெடுந்தொலைவு ஊர்திகளுக்கு உரியவை. அவற்றின் உயர்ந்த கரைகள் உள்ளூர்த் தெருக்களைக் குறுக்காக வெட்டுகின்றன. 1856இல் இருப்புப்பாதை இவ்வூர்களோடு கொண்ட உறவே இச்சாலைகளிலும் மீண்டும் காணப்படுகிறது.

5. ஒதுக்கீடும் ஒதுக்கமும்

1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், கட்டிய வீட்டுக்கு மாற்றாக மனையும் அடிப்படை வசதியும் வழங்கும் முறையைக் கொணர்ந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகியவை அதன் முதற்கட்ட இடங்கள். அடுத்த கட்டத்தில் முகப்பேர் இடம்பெற்றது. வருவாய் குறைந்தோருக்குச் சிறுமனைகளை ஒதுக்கி, அவரவர் இயன்றபோது கட்டிக்கொள்ள இடமளித்தது இத்திட்டத்தின் சிறப்பு. தொடக்கத்தில் முகப்பேர் ஒதுக்குப்புறமாகவே கருதப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பாடி ஆலைகளும் அருகில் இருந்தமையும் பேருந்துகள் படிப்படியாக வந்தமையும் அதனை வாழத்தக்க இடமாக்கின. வேலையும் ஊர்தியும் எட்டும் இடத்தில் ஒதுக்கீடு நிகழும்போது அது ஒதுக்கமாக மாறுவதில்லை என்பதற்கு முகப்பேர் சான்றாகும்.

இதற்கு மாறான சான்றுகளும் உண்டு. 2015 வெள்ளத்திற்குப் பின் கூவம் சீரமைப்புப் பணிக்காகக் கரையோரக் குடும்பங்கள் அகற்றப்பட்டு, பெரும்பாக்கம், நாவலூர் ஆகியவற்றோடு மேற்கே அம்பத்தூரை அடுத்த அத்திப்பட்டு, திருமழிசையை அடுத்த கூடப்பாக்கம் ஆகிய இடங்களிலும் குடியமர்த்தப்பட்டன. வீட்டுவேலை, சுமைப்பணி, சிறுவணிகம் ஆகியவற்றால் நகர நடுவில் பிழைத்தவர்கள் அவர்கள். அவர்களது பிழைப்பு விடியற்காலையிலும் பின்மாலையிலும் நிகழ்வது. பேருந்து குறைவதும் அந்நேரங்களிலேயே. நடந்து சென்ற வேலைக்கு இரண்டு ஊர்தி மாறிச் செல்ல நேரும்போது, வேலையைக் கைவிடுவோர் பெரும்பாலும் பெண்கள். வீடு ஒதுக்கப்பட்டது, அதனோடு வாழ்வோரும் ஒதுக்கப்பட்டனர்.

6. இடைவெளியை நிரப்பிய ஊர்திகள்

1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைந்தபின் மேற்குப் புறநகரின் பேருந்துச் சேவை விரிவடைந்தது. இருப்புப்பாதை இல்லாத பூவிருந்தவல்லி முழுமையாகப் பேருந்தையே சார்ந்திருந்தது. எனினும் பெரும்பேருந்துகள் பெருஞ்சாலையை விட்டு உள்ளே வருதல் அரிது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வெளியை மிதிவண்டிக்குப் பின் ஷேர் ஆட்டோக்கள் நிரப்பின. இவை தொழிலாளர் தம் ஷிப்டு நேரத்துக்கேற்பத் தாமே உருவாக்கிக்கொண்ட போக்குவரத்து முறை எனலாம். ஆள் நிறைந்தால் புறப்படும். கைகாட்டிய இடத்தில் நிற்கும். அரசின் வழித்தடங்களில் இல்லாத நிறுத்தங்களை இவை அறிந்திருந்தன. 2013இல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிற்றுந்துகளை இயக்கத் தொடங்கியதை இத்தேவைக்கான காலந்தாழ்ந்த ஏற்பாகக் கொள்ளலாம்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அம்பத்தூரின் ஆயத்த ஆடை நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு இது வருவாயில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. ஆனால் இச்சலுகை பேருந்து வரும் தெருவுக்கே பயன்படும். பேருந்து வராத தெருவில் வாழும் பெண், நிறுத்தம் வரை ஷேர் ஆட்டோவுக்குக் கட்டணம் செலுத்திய பின்னரே கட்டணமில்லாப் பயணத்தைத் தொடங்குகிறார்.

7. வரவிருக்கும் மெட்ரோவும் அமைதியின் விலையும்

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் முதல் பூவிருந்தவல்லி புறவழி வரை 26.1 கி.மீ. நீளத்தில் நான்காம் வழித்தடம் அமைகிறது. அதன் பூவிருந்தவல்லிப் பகுதியில் 2025இல் சோதனை ஓட்டங்கள் நடந்தன. தண்டவாளமே காணாத பழைய முகாம் ஊருக்கு அது நேரடியாக மெட்ரோவாக வருகிறது. கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கி.மீ. நீட்டிப்பும் திட்டமிடப்பட்டுள்ளது.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வரலாறு இரு வினாக்களை எழுப்புகிறது. உயர்மட்டப் பாதை பெருஞ்சாலையின் மேலேயே செல்லும். நிலையத்திலிருந்து உள்தெரு வரையிலான பழைய இடைவெளி அப்படியே நிற்கும். அதை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பது முதல் வினா. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூவிருந்தவல்லி நகராட்சியாக வளர்ந்தது. ஒரே தொழிலாளரின் அன்றாடப் பயணம் பல ஆட்சி எல்லைகளைக் கடப்பதால், நடைபாதையும் தெருவிளக்கும் இணைப்புச் சிற்றுந்தும் எவர் கணக்கிலும் முழுமையாக அடங்குவதில்லை.

அமைதி யாருக்கு உரியதாக இருக்கும் என்பது இரண்டாவது வினா. இத்தெருக்களின் வாடகை குறைவாக இருந்ததற்கு அவற்றின் ஒதுக்கமும் காரணம். இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் உறங்கவும், குழந்தைகள் தெருவில் விளையாடவும் இவ்வமைதி இடந்தந்தது. தொழிற்பேட்டையின் ஆலை நிலங்கள் சில ஏற்கெனவே தகவல் தொழில்நுட்ப வளாகங்களாக மாறியுள்ளன. நிலையம் அருகில் வரும்போது மனைவிலை உயரும். வீட்டு உரிமையாளர் பயன்பெறுவர். வாடகைக் குடித்தனக்காரர் இன்னும் உள்ளே, அடுத்த ஏரிக்கரை நோக்கி நகர்வர். அணுகலுக்காகப் பல்லாண்டு காத்திருந்தவரே அது வரும்போது வெளியேற நேர்வது இப்புறநகரின் வரலாற்றில் பெரும் இழப்பாகும்.

முடிவுரை

மேற்குச் சென்னைத் தொழிலாளர் குடியிருப்புகள் போக்குவரத்துப் பாதைகளின் மிக அருகில் உருவாகியும் அவற்றிலிருந்து விலகியே இருந்தன. முதல் இருப்புப்பாதை அவற்றைக் கடந்து சென்றது. 1979 வரை அவற்றுக்கெனப் புறநகர் மின்வண்டி நிற்கவில்லை. தொழிற்சாலைகள் வேலையைக் கொணர்ந்தன; அவற்றின் மதில்கள் வழியை வளைத்தன. வாரிய ஒதுக்கீடுகளுள் வேலைக்கு அருகில் அமைந்தவை ஊராக வளர்ந்தன. தொலைவில் அமைந்தவை மக்களை ஒதுக்கின. இவ்வேறுபாட்டை விளக்குவது பாதையின் நீளமன்று. வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை நடக்கும் தொலைவும், அங்கு ஊர்தி நிற்கும் நேரமும் ஆகும்.

ஆகவே இத்தகைய பகுதிகளைப் பற்றிய எதிர்கால ஆய்வுகள் வழித்தட வரைபடங்களோடு ஷிப்டு நேரம், நிறுத்தப் பெயர்கள், அடைக்கப்பட்ட நடைவழிகள், வாடகை மாற்றம், பெண்களின் வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றையும் சான்றுகளாகக் கொள்ள வேண்டும். தாமே ஒதுங்கி வாழும் உரிமையும், ஒதுக்கப்படாமல் இருக்கும் உரிமையும் ஒருங்கே கிடைக்கும்போதுதான் ஒரு தெருவின் அமைதி அங்கு வாழ்வோருடையதாகும்.